என்ஜிசி 1068: 6.4 கேஇவி இரும்புக் கோட்டைக் காஸ்மிக் கதிரின் தடயமாகக் கொள்ளலாமா?

குடியாத்தம்_நிறமாலை

வேலூர் குழுவின் அடுத்த ஆறு மாத வேலைக்கு இதை எடுக்கலாமா என்று எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

என்ஜிசி 1068 கேலக்ஸியின் திசையிலிருந்து 79 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்ததாக, தென்துருவப் பனிக்குள் உள்ள ஐஸ்கியூப் நியூட்ரினோக் கண்டறிமானி 2022-இல் அறிவித்தது. உறுதி 4.2 சிக்மா, ஆற்றல் 1.5 முதல் 15 டிஇவி வரை. நியூட்ரினோ வருகிறது என்றால் அங்கே புரோட்டான்கள் முடுக்கப்படுகின்றன, அதாவது காஸ்மிக் கதிர் உருவாகிறது. அதே கேலக்ஸியில் நடுநிலை இரும்பு வெளியிடும் 6.4 கேஇவி எக்ஸ் கதிர்க் கோட்டில் ஏறத்தாழ 28 சதவீதம், கருவிலிருந்து 140 பார்செக்குக்கும் அப்பால் இருந்து வருகிறது என்று சந்திரா, நுஸ்டார் எக்ஸ் கதிர் விண்கலங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2015-இல் காட்டினார்கள். குறைந்த ஆற்றல் புரோட்டான் மோதினாலும் இரும்பின் கே-கூட்டு (அணுக்கருவை ஒட்டிய உட்கூடு) எலக்ட்ரான் பிய்ந்து போகும், 6.4 பிறக்கும். நம் பால்வீதியின் மையத்தில் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது.

எனவே என் யோசனை: வெளிப்பகுதியின் நிறமாலையைத் தனியாக எடுத்து, கோட்டின் வலிமையிலிருந்து காஸ்மிக் கதிர் அடர்த்தியைக் கணக்கிடுவது. தரவு எல்லாம் பொதுக் காப்பகத்தில் இருக்கிறது. எங்கே இடிக்கும்?

பாலாற்றங்கரை

தம்பி, தரவை இறக்குவதற்கு முன் ஒரு தாளில் முடிக்கக்கூடிய கணக்கு இது. செய்துவிடுவோம்.

என்ஜிசி 1068-இன் நடுநிலை இரும்புக் கோட்டின் பாயத்தை (நம்மிடம் வந்து சேரும் போட்டான் வீதம்), முழு எண்ணாக, ஒரு சதுர செ.மீ.க்கு நொடிக்கு 5×10⁻⁵ போட்டான் என்று வையுங்கள். தொலைவு 14.4 மெகாபார்செக், அதாவது 4.4×10²⁵ செ.மீ. கோளப் பரப்பு 2.5×10⁵² சதுர செ.மீ. பெருக்கினால் நொடிக்கு 1.2×10⁴⁸ போட்டான். ஒரு 6.4 கேஇவி போட்டான் 1.03×10⁻⁸ எர்க். ஆகக் கோட்டின் மொத்த ஒளிர்வு 1.3×10⁴⁰ எர்க்/நொடி, அதில் 28 சதவீதம் 3.5×10³⁹.

இப்போது திறன். 10 முதல் 200 எம்இவி வரையுள்ள புரோட்டான் வாயுவுக்குள் நுழைந்தால், தன் ஆற்றலில் பெரும்பகுதியை ஹைட்ரஜனை அயனியாக்குவதிலேயே தொலைத்துவிடும். இரும்பு ஹைட்ரஜனுக்கு லட்சத்தில் மூன்று பங்குதான். கே-ஓட்டை விழுந்தாலும் மூன்றில் ஒன்றுதான் (0.34) போட்டானாக வரும், மீதி ஓஷே எலக்ட்ரானாகப் போய்விடும். எல்லாம் சேர்ந்து, புரோட்டானின் ஆற்றலில் 6.4 கோடாக மாறுவது மிக நல்ல நிலையிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

3.5×10³⁹-ஐ 10⁻⁶-ஆல் வகுத்தால் 3.5×10⁴⁵ எர்க்/நொடி. அந்தக் கருவின் மொத்த ஒளிர்வே 10⁴⁵ அளவில்தான் இருக்கிறது. பால்வீதி முழுவதும் காஸ்மிக் கதிருக்குச் செலவிடுவது 10⁴¹ அளவு. கரு தரும் மொத்த ஒளியைவிட அதிகமான ஆற்றலை வெளியில் உள்ள புரோட்டான்களில் மட்டும் கொட்டினால்தான் உங்கள் கதை நிற்கும். நிற்காது.

இன்னொன்று. ஐஸ்கியூப் கண்ட நியூட்ரினோவைத் தந்த புரோட்டான் அதைப்போல ஏறத்தாழ 20 மடங்கு ஆற்றல் கொண்டது: 30 முதல் 300 டிஇவி. இரும்பின் கே-கூட்டைத் தட்டத் தொடங்குவது 10 எம்இவி வாக்கில். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 30 லட்சம் மடங்கு இடைவெளி. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று சொல்ல, நடுவில் உள்ள முழு ஆற்றல் பகிர்வையும் ஊகிக்க வேண்டும். நியூட்ரினோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு 6.4 கோட்டுக்குத் தீர்ப்பு வாங்க முடியாது.

குடியாத்தம்_நிறமாலை

சார், முழுக் கோடும் வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கு, 1 சதவீதம் என்றால்?

பாலாற்றங்கரை

வெளிப்பகுதியின் 1 சதவீதம் என்றாலும் 3.5×10⁴³. பால்வீதியைப்போல 350 மடங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3.5×10⁴², ஜெட் அதிர்ச்சி அலை தரக்கூடிய அளவுதான். ஆனால் அந்த வெளிப்பகுதிக் கோட்டை நீங்கள் அளக்கும்போது பிழையே 5, 10 சதவீதம் இருக்கும். அதற்குள் ஆயிரத்தில் ஒன்றை எப்படித் தேடுவீர்கள்?

ஆம்பூர் 6.4

சார் சொன்ன கணக்கோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் கேள்வியையே மூடிவிடக் கூடாது. ஆற்றல் கணக்கு ஒரு மேல்வரம்பு தருகிறது. அந்த வரம்பை நிறமாலையின் வடிவத்தைக் கொண்டு இன்னும் இறுக்கலாமா என்பது தனி வேலை, செய்யத் தகுந்த வேலை.

ஒளியால் பிறந்த 6.4, புரோட்டானால் பிறந்த 6.4 இரண்டையும் பிரிக்க என்னென்ன கைப்பிடி இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் கோட்டைத் தாங்கும் தொடர்நிறமாலை. கருவின் ஒளியை வாயு திருப்பி அனுப்பும் எதிரொளிப்பு என்றால் 7.11 கேஇவியில் இரும்பின் விளிம்பு ஆழமாக வெட்டியிருக்கும், 20-30 கேஇவியில் காம்ப்டன் மேடு எழும்பும், கோட்டின் சமான அகலம் (தொடர்நிறமாலையோடு ஒப்பிட்ட வலிமை) 1 கேஇவி வாக்கில் நிற்கும். எலக்ட்ரான்கள் காரணம் என்றால் சமான அகலம் 0.3, 0.4 கேஇவிக்கு மேல் ஏறுவது கடினம். புரோட்டான்கள் காரணம் என்றால் அவற்றின் ஆற்றல் பகிர்வைப் பொறுத்து 1 கேஇவியையும் தாண்டலாம். ஆகவே சமான அகலம் பெரிதாக இருந்தால் எலக்ட்ரானைத்தான் வெளியே அனுப்ப முடியும், புரோட்டானை அல்ல. இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது காம்ப்டன் தோள். 6.4 போட்டான் அடர்ந்த வாயுவுக்குள் எலக்ட்ரானில் ஒரு முறை மோதினால் 6.24 வரை இறங்கும். அதனால் கோட்டின் இடப்பக்கம் 6.24-இலிருந்து 6.40 வரை ஒரு சரிவு. தோள் பலமாக இருந்தால் கோடு 10²⁴ செ.மீ.⁻²-க்கு மேற்பட்ட பத்தி அடர்த்திக்குள் (பாதையில் ஒரு சதுர செ.மீ.க்கு உள்ள அணுக்களின் எண்ணிக்கை) பிறந்தது என்று பொருள். 10 எம்இவி புரோட்டான் ஹைட்ரஜன் வாயுவில் 3×10²² செ.மீ.⁻² தாண்டுவதற்குள் நின்றுவிடும். 100 எம்இவி என்றால் 2×10²⁴ வரை போகும். தோள் இருந்தால் குறைந்த ஆற்றல் புரோட்டான் காரணமாக இருக்க முடியாது.

காலமாற்றம் இங்கே உதவாது. 140 பார்செக் என்றால் ஒளிக்கே 450 ஆண்டுக்கு மேல். ஆனால் பால்வீதியில் அதுதான் தீர்ப்புச் சொன்னது. ஆர்ச்சஸ் விண்மீன் கொத்தின் பக்கத்து மேகம் காஸ்மிக் கதிருக்கு மிக நல்ல உதாரணம் என்று எல்லோரும் நம்பினோம். 2012-இல் எடுத்த தரவில் அதன் ஒளி 30 சதவீதம் குறைந்திருந்தது. புரோட்டான் கூட்டம் சில ஆண்டுகளில் அப்படி வடியாது. பெரும்பகுதி ஒளியின் எதிரொலி என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

காட்பாடி_ஜங்ஷன்

நான் தரவுப் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா இந்த வேலையில பாதிப் பேர் இயற்பியலுக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க மாட்டிக்கிறாங்க.

சந்திரா: கரு ரொம்பப் பிரகாசம், பைல்-அப் வரும். ரெண்டு போட்டான் ஒரே ஃபிரேம்ல ஒரே இடத்துல விழுந்தா 3.2 + 3.2-ஐக் கருவி 6.4-ன்னு எழுதிக்கும். நேரா எடுத்த ஏசிஸ் கேமரா தரவை விட்டுட்டு, கிரேட்டிங் (ஒளியை ஆற்றல் வாரியாப் பிரிக்கும் கீற்றணி) போட்டு எடுத்ததோட பூஜ்ஜிய வரிசைப் படத்தை (திசை மாறாம வந்த ஒளி) எடுங்க. கிரேட்டிங் போட்டான்களைப் பிரிச்சு எடுத்துக்கிறதால பைல்-அப் வெகுவாக் குறையும்.

கருவோட ஒளி கண்ணாடியில சிதறி வெளியில வந்து விழும். அதான் பெரிய பொறி. 2 வினாடிக்கோணத்துக்கு (அதாவது 140 பார்செக்) வெளியில பார்த்த கோட்டுல எவ்வளவு இந்தச் சிறகு, எவ்வளவு உண்மைன்னு பிரிக்காம பேப்பர் எழுதக் கூடாது. கருவோட நிறமாலையைக் கொடுத்து சந்திராவுக்கான சார்ட் நிரல்ல கதிர்த்தடம் வாங்கி, மார்க்ஸ் போலியாக்க நிரல்ல ஓட்டி, 6.2-6.6 கேஇவி பட்டையில மட்டும் படம் போடுங்க. 1-2 கேஇவியில போட்ட சிறகு வடிவத்தை 6.4-க்கு எடுத்து ஒட்டாதீங்க. ஆற்றல் ஏற ஏறச் சிதறல் கூடும்.

நுஸ்டார்: சராசரி 50 வினாடிக்கோண வட்டம் எடுப்பீங்க. அதுக்குள்ள கரு மட்டும் இல்ல, கேலக்ஸியோட மீப்பிரகாச எக்ஸ் கதிர் மூலங்களும் இருக்கு. 2017-18 வாக்கில ஒரு புது மூலம் திடீர்னு பிரகாசமாச்சு. அதைக் கருவோட மாற்றம்னு எழுதியிருந்தா போச்சு. அந்தந்தக் காலத்துச் சந்திரா அல்லது ஸ்விஃப்ட் படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தெற்கு அட்லாண்டிக் பகுதியைத் தாண்டும் நேரத்துல பின்னணி ஏறும், சுற்று அறிக்கையைப் பார்த்துட்டு ‘ஆப்டிமைஸ்டு’ வடிகட்டல், தேவைப்பட்டா ‘டென்டக்கிள்’ போடுங்க. நுஸ்டாரோட ஏ, பி ரெண்டு கருவியில ஏ-வோட வெப்பப் போர்வை கிழிஞ்சதால அதுல 3-7 கேஇவியில கூடுதலாத் தெரியும். ரெண்டு கருவிக்கும் நடுவுல ஒரு பெருக்கு எண் மட்டும் போட்டா இது சரியாகாது.

எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம்: 10-12 கேஇவியில ஒளிவளைவு போட்டு, பிஎன் கருவியில நொடிக்கு 0.4-க்கு மேல ஏறின நேரத்தை வெட்டுங்க. அது மென் புரோட்டான் பொழிவு, நம்ம பூமிக்குப் பக்கத்துப் புரோட்டான். 8.04-ல தெரியறது கருவிக்குள்ள இருக்குற தாமிரம், 7.47-ல நிக்கல். பின்னணியைச் சிப்போட நடுப்பகுதியிலேயே எடுத்தா தாமிரம் தொல்லை பண்ணாது, ஓரத்துல எடுத்தா அளவுக்கு மேல கழிஞ்சு 8 கேஇவியில பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை உறிஞ்சல் கோடுன்னு நம்பி ‘அதிவேக வாயு வெளியேற்றம்’னு எழுதின மாணவர் அறிக்கை நிறைய இருக்கு.

அஸ்ட்ரோசாட் விண்கலத்தோட எஸ்எக்ஸ்டி மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை இந்த வேலைக்குக் கொண்டு வராதீங்க. அதை ஏவின ஸ்ரீஹரிகோட்டா நமக்குப் பக்கம், தரவும் எளிதாக் கிடைக்குது, ஆனா 6 கேஇவியில அதோட பயன்பரப்பு ரொம்பக் குறைவு. கருவோட மென் பட்டைக்கு எடுக்கலாம். அப்போ ஆற்றல் அளவுகோலோட ஆஃப்செட்டை 0.02-0.03 கேஇவி நகர்த்திப் பொருத்தணும், 3 சதவீத அமைப்புப் பிழை சேர்க்கணும்.

புள்ளியியல்: வெளிப்பகுதியில எண்ணிக்கை கம்மி. 20-20-ஆக் கட்டி கை-ஸ்கொயர் போடாதீங்க, கோடு கரைஞ்சிடும். குறைஞ்ச எண்ணிக்கைக்கான சி-ஸ்டாட் போடுங்க. ஒரு கோடு உண்மையா இல்லையான்னு பார்க்க எஃப்-சோதனை செல்லாது, கோட்டின் வலிமை பூஜ்ஜியம்ங்கிறது எல்லையில உட்கார்ந்திருக்கு. எக்ஸ்ஸ்பெக் பொருத்தல் நிரல்ல சிம்எஃப்டெஸ்ட் போட்டு ஆயிரம் போலித் தரவாவது ஓட்டுங்க.

குடியாத்தம்_நிறமாலை

அண்ணா, பெருநன்றி. பைல்-அப் கோட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அக்கா, எக்ஸ்ரிஸம் எக்ஸ் கதிர் விண்கலத்தின் தரவை இதற்குள் கொண்டு வரலாமா? ரிசால்வ் கருவி 5 இவி துல்லியம் தருகிறதே.

ஆம்பூர் 6.4

கொண்டு வரலாம், ஆனால் எதற்கு என்று தெளிவாக இருக்க வேண்டும். ரிசால்வின் ஒரு பிக்சல் அரை நிமிடக்கோணம், கண்ணாடியின் மங்கல் 1.3 நிமிடக்கோணம். 2 வினாடிக்கோணத்தைப் பிரிப்பது நடக்காத காரியம். இடத்தை வைத்துப் பிரிக்க முடியாததை வேகத்தை வைத்துப் பிரிப்பதுதான் அதன் பலம். 6.4 கேஇவியில் 5 இவி என்பது 235 கி.மீ./நொடி. 140 பார்செக்குக்கு அப்பால் உள்ள வாயு சில நூறு கி.மீ.க்கு மேல் ஓடாது, அது குறுகிய கூராக நிற்கும். கருவுக்கு நெருங்கிய வாயு அகலமான அடித்தளமாகக் கிடக்கும். என்ஜிசி 4151 கேலக்ஸியில் 2024-இல் இப்படித்தான் ஒரே கோட்டை மூன்று அகலங்களாகப் பிரித்து வட்டு, அகலக்கோட்டுப் பகுதி (கருவைச் சுற்றி வேகமாக ஓடும் வாயு), டோரஸ் (அதற்கும் வெளியே உள்ள தூசி வளையம்) மூன்றையும் காட்டினார்கள்.

கைப்பிழைகள் சில. இரும்பின் கே-ஆல்ஃபா (நம் 6.4 கோடு) ஒற்றைக் கோடு அல்ல: 6.404, 6.391 என்று இரட்டை, நடுவில் 13 இவி. வேகமாக்கினால் 600 கி.மீ./நொடி! ஒற்றை காஸியனைப் போட்டுவிட்டு “வாயு 600 கி.மீ. வேகத்தில் கலங்குகிறது” என்று எழுதினால் அது வாயுவின் கலக்கம் அல்ல, அணுவின் அமைப்பு. எக்ஸ்ஸ்பெக்கில் ஏழு லொரென்ட்ஸியன் கொண்ட இரும்புக் கோட்டு மாதிரி இருக்கிறது, அதை காஸியன் விரிவோடு மடித்துப் பயன்படுத்துங்கள்.

ரிசால்வின் முகப்பை மூடும் வாயில் வால்வு திறக்கவில்லை. பெரிலியம் தகட்டின் வழியாகப் பார்ப்பதால் 1.7 கேஇவிக்குக் கீழே ஒன்றும் வராது. சிலிக்கான் 1.74-ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 27-ஆம் பிக்சலை விலக்குங்கள், அதன் பெருக்கம் குதிக்கும். எச்பி (மிகத் துல்லியமான) தர நிகழ்வுகளை மட்டும் எடுங்கள், ஆனால் ஆர்எம்எஃப் (கருவியின் ஆற்றல் பதில் கோப்பு) உருவாக்குவதற்கு முன் எல்எஸ் (துல்லியம் குறைந்த) தர நிகழ்வுகளைக் கழியுங்கள். மங்கிய மூலத்தில் அவை பெரும்பாலும் போலி. விட்டுவிட்டால் எச்பி-யின் பங்கு குறைவாகக் கணக்காகி, பாயம் அதிகமாகத் தெரியும்.

பொருத்தும்போது ‘எக்ஸ்-லார்ஜ்’ ஆர்எம்எஃப் பல ஜிபி. 8 ஜிபி நினைவகத்தில் உட்காராது. ‘லார்ஜ்’ போட்டு மாதிரியைச் செதுக்கிவிட்டு, கடைசிப் பிழை எல்லைக்கு மட்டும் பெரியதை எடுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் மடிக்கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிழை எல்லை தேடும் நீண்ட கணக்குச் சங்கிலியை இரவில் ஓட்டி, 5,000 படிக்கு ஒருமுறை கோப்பில் சேமித்தால் மின்சாரம் போனாலும் முழுவதும் வீணாகாது.

புரோட்டானுக்கு இங்கே ஒரு தனிக் கைப்பிடி உண்டு. கனமான அயனி மோதும்போது கே-எலக்ட்ரானோடு அடுத்த கூட்டின் எல்-எலக்ட்ரானும் சேர்ந்து பிய்ந்து போகும். அப்போது பிறக்கும் கோடு 6.40-க்குச் சற்று மேலே, உயர் ஆற்றல் பக்கம் துணைக்கோடாக விழும். ஒளியால் அயனியாக்கினால் இது அவ்வளவாக இருக்காது.

பாலாற்றங்கரை

அந்தத் துணைக்கோடு கருத்து அழகானது. ஆனால் புரோட்டானுக்கு அது மிகச் சிறியது, கனமான அயனிக்குத்தான் பெரிது. அதோடு இரும்பு ஓரளவு அயனியாகியிருந்தாலே கோடு மேல்பக்கம் நகரும். நீலப்பக்க வேகமும் அதே இடத்தில் உட்காரும். மூன்றையும் பிரிக்க இரும்பின் இன்னொரு கோடான கே-பீட்டா 7.06-ஐ சேர்த்தே பொருத்த வேண்டும்.

ஆம்பூர் 6.4

கே-பீட்டா சேர்ப்பது சரி சார், ஏற்கிறேன். கே-பீட்டா இரும்பின் அயனி நிலைக்கு மிகவும் உணர்வுள்ளது, அது நகராமல் கே-ஆல்ஃபா மட்டும் நகர்ந்தால் கவனிக்கத்தக்கது. மேல்வரம்பாவது எழுதலாம்.

பாலாற்றங்கரை

எழுதலாம். இப்போது எக்ஸ் கதிர் நிறமாலை காஸ்மிக் கதிருக்கு உண்மையில் எங்கே கை கொடுக்கிறது என்று சொல்கிறேன். என் கருத்தில் குழுவின் ஆறு மாதம் இங்கே போக வேண்டும்.

கருந்துளையை ஒட்டிய கரோனாவில் (எக்ஸ் கதிரை உமிழும் சூடான வாயு) 30 டிஇவி புரோட்டான் ஒரு போட்டானோடு மோதிப் பையானை (சிதைந்து நியூட்ரினோவும் காமாவும் தரும் துகள்) அதிகமாக உண்டாக்க, அந்தப் போட்டான் எவ்வளவு ஆற்றலோடு இருக்க வேண்டும்? இரண்டின் பெருக்கல் 0.16 ஜிஇவி வர்க்கம் வர வேண்டும். 30 டிஇவி என்றால் 5.3 கேஇவி. 100 டிஇவி என்றால் 1.6 கேஇவி. 300 டிஇவி என்றால் 0.5 கேஇவி. பாருங்கள், எல்லாமே எக்ஸ் கதிர்! நியூட்ரினோவைப் பெற்றெடுக்கும் இலக்கு நாம் நிறமாலையில் அளக்கும் அதே போட்டான்கள்தான்.

எண்ணிக்கை பார்ப்போம். கருந்துளை ஒரு கோடி சூரிய நிறை, கரோனா ஆரம் ஈர்ப்பு ஆரத்தைப்போல 10 மடங்கு என்று வைத்தால் 1.5×10¹³ செ.மீ. உள்ளார்ந்த 2-10 கேஇவி ஒளிர்வு 7×10⁴³ எர்க்/நொடி. 5 கேஇவி போட்டானாக எண்ணினால் கன செ.மீ.க்கு 10¹⁴. அதை ஆரத்தால் பெருக்கினால் 1.5×10²⁷ செ.மீ.⁻². ஒரு பயணத்தில் புரோட்டான் பையான் உற்பத்தியில் இழப்பதற்கான வெட்டுமுகம் (மோதும் வாய்ப்பைக் குறிக்கும் பரப்பு) 10⁻²⁸ சதுர செ.மீ. அளவு, ஆகவே எண்ணிக்கை 0.15. அதே போட்டான்களில் காமாக் கதிர் மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகும் வெட்டுமுகம் 1.3×10⁻²⁵, ஆகவே 200. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். நியூட்ரினோ வெளியே வருகிறது, அதோடு பிறந்த காமா உள்ளேயே மடிகிறது. 10 கேஇவி போட்டானுக்கு இந்த வாசல் 26 எம்இவியிலேயே திறக்கிறது. டிஇவி காமாவில் மேஜிக் தொலைநோக்கி இந்தக் கேலக்ஸியைப் பார்க்காமல் மேல்வரம்பு மட்டும் சொன்னதற்கு இதுவே மிகப் பொருத்தமான விளக்கம்.

வாயுவோடு மோதும் வழியும் எக்ஸ் கதிர் அளவைத்தான் நம்பியிருக்கிறது. 10²⁵ செ.மீ.⁻² பத்தி அடர்த்தியில் புரோட்டான்-புரோட்டான் மோதல் எண்ணிக்கை ஒரு குறுக்குப் பயணத்துக்கு 0.3 முதல் 0.5.

குடியாத்தம்_நிறமாலை

அப்படியானால் 7×10⁴³ என்ற எண்தான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது. கரு முழுக்க மூடப்பட்டிருக்கும்போது அந்த எண் எங்கிருந்து வந்தது?

காட்பாடி_ஜங்ஷன்

2014 ஆகஸ்டுல நுஸ்டார் பார்க்கும்போது 20 கேஇவிக்கு மேல மட்டும் கூடுதல் ஒளி தெரிஞ்சது, அடியில எதுவும் மாறல. மறைச்சிருந்த மேகம் கொஞ்சம் விலகினதா எடுத்துக்கிட்டாங்க. பத்தி அடர்த்தி 8.5×10²⁴-க்கு மேல இருந்தது 5.9×10²⁴-க்கு இறங்கிச்சு. அதுலேர்ந்துதான் 7×10⁴³. பிழை எல்லை கீழே 3, மேலே 14. அந்தக் காரணி ரெண்டு அப்படியே நேர்விகிதத்துல நியூட்ரினோ கணக்குக்குள்ள போகும்.

அதனால அந்த 2014 தரவையும், அதுக்கு முந்தின 2012 தரவையும் ஒண்ணாப் பொருத்துங்க. எதிரொளிப்பு எல்லாத்துக்கும் பொது, நேரடிக் கூறோட பத்தி அடர்த்தி மட்டும் தனித்தனி. எதிரொளிப்பு மாதிரிகள்ல பெக்ஸ்மான் தட்டையான தட்டுக்கு எழுதினது, இங்க வேண்டாம். வளைய வடிவ வாயுவுக்கான மைடோரஸ் 10²⁵-ல நின்னுடும், அந்தச் சுவத்துல போய் ஒட்டிக்கிட்டா பிழை எல்லை பொய் சொல்லும். போரஸ் அட்டவணை அதுக்கு மேலயும் போகுது. ரெண்டுலயும் ஓட்டி வர்ற ஒளிர்வு வித்தியாசத்தையும் பிழையில சேருங்க.

ஜவ்வாது_இரவு

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் இருந்து ஒரு துணை வேலை செய்யலாம் என்றால் என் குறிப்பு. என்ஜிசி 1068 கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. காவலூரில் 77 பாகை உயரத்தில் தலைக்கு மேல் போகும், ஆனால் நள்ளிரவில் உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில். அது வடகிழக்குப் பருவமழை, ஜவ்வாது மலையில் இரவு கிடைப்பது அரிது. பொங்கல் வாக்கில் மாலை 7 மணிக்கு உச்சியில் இருக்கும். இருட்டியதிலிருந்து மூன்று மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

என்ஜிசி 4151 நமக்கு வசதி. மார்ச் கடைசியில் நள்ளிரவு உச்சி, 63 பாகை உயரம், வானமும் தெளிவு. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் ஓஎம்ஆர் நிறமாலைமானி போட்டு ஹைட்ரஜனின் எச்-பீட்டா கோட்டை எடுக்கலாம். செம்பெயர்ச்சி 0.0033, ஆகவே 4877 ஆங்ஸ்ட்ராமில் பாருங்கள். ஆக்சிஜனின் 5007 கோடு 5024-இல் வரும். அதன் வடிவத்தை வைத்து எச்-பீட்டாவின் குறுகிய கூறைக் கழித்தால் அகலக் கூறின் வேகம் கிடைக்கும். அதை எக்ஸ்ரிஸம் பிரித்த நடு அகலத்தோடு வைத்துப் பார்த்தால் இரும்புக் கோட்டின் எந்தப் பங்கு அகலக்கோட்டுப் பகுதியில் பிறந்தது என்று தெரியும். மிச்சத்தில்தான் வேறு காரணம் தேட இடம் உண்டு. ஒவ்வொரு தொடருக்கும் முன்னும் பின்னும் இரும்பு-ஆர்கான் விளக்கு எடுங்கள். தொலைநோக்கி சாய்வதால் கோடு நகரும்.

குடியாத்தம்_நிறமாலை

எல்லோர் சொன்னதையும் வைத்துத் திட்டத்தை மாற்றிவிட்டேன்.

6.4 கோட்டிலிருந்து காஸ்மிக் கதிர் அடர்த்தி என்ற தலைப்பை எடுத்துவிடுகிறேன். முதல் பகுதி: 2012, 2014 நுஸ்டார் தரவை போரஸ், மைடோரஸ் இரண்டிலும் சேர்த்துப் பொருத்தி, உள்ளார்ந்த ஒளிர்வையும் அதன் முழுப் பிழையையும் எடுப்பது. இரண்டாம் பகுதி: அந்தப் பிழையோடு பையான் எண்ணையும் காமா இணை எண்ணையும் கரோனா ஆரம் 5 முதல் 50 ஈர்ப்பு ஆரம் வரை ஓட்டுவது. மூன்றாவது, நேரம் இருந்தால்: என்ஜிசி 4151-இன் ரிசால்வ் தரவில் கே-ஆல்ஃபா, கே-பீட்டா இரண்டையும் சேர்த்து, உயர் ஆற்றல் பக்கத் துணைக்கோட்டுக்கு மேல்வரம்பு.

சார், ஆரத்தை ஓட்டும்போது எண் எப்படிப் போகும் என்று ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள். போட்டான் அடர்த்தி ஆர வர்க்கத்துக்கு எதிர்விகிதம், பாதை ஆரத்துக்கு நேர்விகிதம், ஆக மொத்தம் ஆரத்துக்கு எதிர்விகிதம். 50 ஈர்ப்பு ஆரத்தில் பையான் எண் 0.03, காமா இணை எண் 40. சரியா?

பாலாற்றங்கரை

சரி. ஆனால் அந்த 0.03 நேர்க்கோட்டில் ஒரே முறை கடக்கும் புரோட்டானுக்கு. காந்தப்புலத்தில் சுற்றிச் சுற்றி இருந்தால் தங்கும் நேரத்தின் விகிதத்தில் பெருகும். கருவில் வாயு உள்ளே விழும் வேகம் ஒளியின் நூறில் ஒரு பங்கு என்றால் நூறு மடங்கு. அதைத் தனி அச்சாக வரையுங்கள், ஆரத்தோடு கலக்காதீர்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

நுஸ்டார் ரெண்டு தரவையும் நான் வடிகட்டித் தயாரா வெச்சிருக்கேன், பின்னணி வட்டம் ரெண்டு விதமா எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காட்பாடி வந்தா பென் டிரைவ்ல தந்துடறேன். கால்டிபி (கருவி அளவீட்டுக் கோப்புகள்) பதிப்பை மட்டும் உங்க கணினியிலயும் அதேதான்னு பார்த்துட்டு வாங்க, ரெண்டு பதிப்பு கலந்தா ஏ-பி கருவி விகிதம் மாறிடும்.